மதுரையின் ரயில் வரைபடத்தில் அருப்புக்கோட்டை எங்கே?

கோவை, மதுரை ஆகிய இரு நகரங்களுக்கான மெட்ரோ ரயில் திட்ட அறிக்கைகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கே மெட்ரோ பரிசீலிக்கப்படும் என்பதும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவ்விரு நகரங்களும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை என்பதும் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானவை. ஆக்ராவுக்கும் போபாலுக்கும் கிடைத்தது மதுரைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று மாநில அரசு கேட்டது. கேள்வி நியாயமானதே. ஆனால், அடுத்து வந்த நாள்களில் நடந்த விவாதம் முழுவதும் மதுரையின் மக்கள்தொகை எவ்வளவு என்ற ஒற்றைக் கணக்கைச் சுற்றியே அமைந்துவிட்டது. மதுரை எங்கே முடிகிறது என்பதை எவரும் கேட்கவில்லை.

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. தொலைவுக்குத் திட்டமிடப்பட்ட மதுரை மெட்ரோவின் மதிப்பீடு ரூ.11 ஆயிரம் கோடிக்கும் அதிகம். கி.மீ. ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.350 கோடி. இந்த வரைபடம் மதுரையை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்லும் ஒரு கோடாகக் காண்கிறது. மதுரை என்ற ஊரோ அன்றாடம் காலையில் பெருகி மாலையில் சுருங்கும் ஊர். ராஜாஜி அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் நிற்பவர்கள், உயர்நீதிமன்றக் கிளைக்கு வழக்குக் கட்டுடன் வருபவர்கள், கல்லூரி மாணவர்கள், மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகைக் கூடையோடு வருபவர்கள், விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைகளில் சரக்கெடுக்க வருபவர்கள் எனப் பல்லாயிரவர் மாநகராட்சிக் கணக்கில் இடம்பெறாதவர்கள். அவர்களில் கணிசமானோர் தெற்கே காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என நீளும் வானம் பார்த்த பூமியிலிருந்து வருகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்குச் சற்றே அதிகம். விருதுநகர் மாவட்டத்தினுடையது 19 லட்சத்துக்கும் மேல். சிவகங்கையினுடையது 13 லட்சத்துக்கும் மேல். இவர்கள் அனைவரும் தினமும் மதுரைக்கு வருவதில்லைதான். ஆயினும், 20 லட்சம் என்ற எல்லைக்கோட்டைத் தொட முடியாத சிறுநகரமாக மதுரையைக் காட்டும் கணக்கு, இந்நிலப்பரப்பின் பயண வாழ்க்கையைக் காட்டும் கணக்கு அன்று. தென்மாவட்டங்களுக்கான ரயில் வலைப்பின்னலைத் திட்டமிடுவோர் மதுரையின் மையத்திலிருந்து வெளியே பார்ப்பதை விட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து மதுரையைப் பார்த்தால் வரைபடம் வேறாகத் தெரியும்.

அருப்புக்கோட்டைக்கும் ரயிலுக்குமான உறவு தொடக்கத்திலிருந்தே கோணலானது. இவ்வட்டாரத்தின் பழைய வணிக ஊர்களுள் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறும் அடங்கும். 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற இருப்புப்பாதை திருமங்கலம், விருதுபட்டி, சாத்தூர் ஆகிய மூன்று ஊர்களைத் தொட்டுச் சென்றது. சிவகாசிக்கு 1927-இல் தென்காசிப் பாதை வந்தது. எஞ்சிய இரண்டும், அதாவது ஒன்றையொன்று ஒட்டிக்கிடக்கும் பாளையம்பட்டியும் அருப்புக்கோட்டையும், 1960-கள் வரை மாட்டுவண்டியையும் பின்னர் பேருந்தையுமே நம்பியிருந்தன. விருதுபட்டி விருதுநகராகி, பருத்தியும் மிளகாயும் எண்ணெயும் குவியும் சந்தையாகி, இறுதியில் ஒரு மாவட்டத்துக்கே பெயர் தந்ததற்கு ரயில் மட்டுமே காரணம் என்று கூற முடியாது. ஆனால், ரயில் இல்லாமல் அது நடந்திருக்காது.

நெசவும் நூற்பாலைகளும் நிறைந்த, 2011-இல் 87 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த அருப்புக்கோட்டைக்கு 1960-களில் விருதுநகர்–மானாமதுரை மீட்டர்கேஜ் பாதை கிடைத்தது. அதே பாதையில்தான் திருச்சுழியும் நரிக்குடியும் உள்ளன. 2013-இல் அது அகலப்பாதையானது; இப்போது மின்மயமாகவும் ஆகிவிட்டது. பாதை நவீனமானபோது வண்டிகள் யாருக்காக ஓடின என்பதுதான் கவனிக்கத்தக்கது. செங்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் சிலம்பு விரைவு ரயில், எர்ணாகுளம்–வேளாங்கண்ணி ரயில், புதுச்சேரி–கன்னியாகுமரி வாராந்திர ரயில் போன்ற நெடுந்தொலைவு வண்டிகளே இப்பாதையின் அடையாளம். சென்னைக்குப் போகிறவருக்கு அவை பெரும் உதவி, மறுப்பதற்கில்லை. ஆனால், காலை 9 மணிக்கு மதுரையில் இருக்க வேண்டிய நரிக்குடி மாணவிக்கு அவற்றால் பயனில்லை. ரமண மகரிஷி பிறந்த திருச்சுழிக்கு நாடெங்கிலுமிருந்து அன்பர்கள் வருகிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மதுரையில் இறங்கிச் சாலை வழியாகவே வந்து செல்கிறார்கள்.

இனி நாம் கற்பனை செய்யும் வரைபடத்துக்கு வருவோம். உண்மையில் கற்பனைக்கு இதில் அதிக வேலை இல்லை. மதுரைச் சந்திப்பிலிருந்து வடக்கே திண்டுக்கல், மேற்கே உசிலம்பட்டி வழியாகத் தேனி, போடி, தெற்கே திருமங்கலம் வழியாக விருதுநகர், கிழக்கே சிலைமான், திருப்புவனம் வழியாக மானாமதுரை என நான்கு திசையிலும் அகலப்பாதைகள் விரிகின்றன. இவற்றுள் தெற்குப் பாதையும் கிழக்குப் பாதையும் தொலைவில் மீண்டும் இணைகின்றன. இணைப்பது அருப்புக்கோட்டை–திருச்சுழிப் பாதை. மதுரை, திருமங்கலம், விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, மானாமதுரை, திருப்புவனம், மீண்டும் மதுரை என்று சுமார் 160 கி.மீ. சுற்றளவுள்ள ஒரு முழு வட்டம், யாரும் வட்டமென்று எண்ணாமலேயே, தரையில் போடப்பட்டுக் கிடக்கிறது. ஓர் அங்குல நிலமும் கையகப்படுத்த வேண்டியதில்லை.

இந்த வட்டத்தில் இரு திசையிலும் மெமு வண்டிகளை இயக்குவதுதான் முதல் படி. மெமுவுக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு என்பதால், சந்திப்புகளில் திசை மாற நேர்ந்தாலும் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. மதுரை–விருதுநகர் இடையே இரட்டைப் பாதை முடிந்துவிட்டது. விருதுநகர்–மானாமதுரை ஒற்றைப் பாதைதான். அதில் ஓடும் வண்டிகள் குறைவு என்பதே இங்கு வசதி. இடநெருக்கடி உண்மையில் இருப்பது மதுரைச் சந்திப்பின் நடைமேடைகளில். சில வண்டிகளைச் சந்திப்பில் நிறுத்தி வைக்காமல் கூடல் நகர் வரை கொண்டுசென்று திருப்பினால் அந்த நெருக்கடி தணியும். இரு புதிய பாதைகளையும் ஓர் உயர்மட்டப் பாலத்தையும் கேட்டு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டிய காரியமல்ல இது. காலை இரண்டு, மாலை இரண்டு வண்டிகளுக்கான கால அட்டவணைதான் தேவை.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்த வட்டம் திருமங்கலத்துக்கும் திருப்புவனத்துக்கும் கிழக்கே நரிக்குடிப் பகுதிக்கும் தரும் பயனை அருப்புக்கோட்டை நகருக்குத் தராது. சாலை வழியே மதுரை சுமார் 50 கி.மீ.; விருதுநகர் சுற்றிச் செல்லும் ரயிலுக்கு அதைவிட நீண்ட பயணம். நான்குவழிச் சாலையில் விரையும் பேருந்தை விட்டுவிட்டு அந்த ரயிலில் ஏறுங்கள் என்று அருப்புக்கோட்டைக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். சிரிப்பதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. ஏனெனில், அவருக்கு நேர்ப்பாதை ஒன்று வாக்களிக்கப்பட்டு ஒன்றரைப் பத்தாண்டு ஆகிறது.

மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 143 கி.மீ. புதிய அகலப்பாதை 2011–12 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. இதுவரை முடிந்திருப்பது தூத்துக்குடி முனையில் மீளவிட்டான் முதல் மேல்மருதூர் வரையிலான சுமார் 18 கி.மீ. மட்டுமே. இத்திட்டத்துக்கு நேர்ந்த கதியை விளக்க 2025 ஜனவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சியே போதும். சென்னைப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு வந்த ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், திட்டம் வேண்டாமென்று தமிழக அரசே எழுத்துமூலம் தெரிவித்துவிட்டதாகக் கூறினார். மாநிலப் போக்குவரத்து அமைச்சர் சா.சி. சிவசங்கர் உடனே மறுத்தார். சில நாள்கள் கழித்து ரயில்வே தரப்பிலிருந்து விளக்கம் வந்தது: தொழிற்சாலையின் இரைச்சலில் தூத்துக்குடி குறித்த கேள்வி தனுஷ்கோடி குறித்ததாக அமைச்சரின் காதில் விழுந்துவிட்டதாம். விளக்கத்தை ஏற்றுக்கொள்வோம். ஆனால், ஒரு திட்டம் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது, களத்தில் நடந்துகொண்டிருந்த எந்த வேலையும் அந்த அறிவிப்பைப் பொய்யாக்கவில்லை என்பதே வருந்தத்தக்கது. வேலை நடக்கும் இடத்தில் இத்தகைய குழப்பம் ஒரு நாளும் நிலைக்காது.

திட்டம் எந்த முனையிலிருந்து தொடங்கப்பட்டது என்பதிலேயே அதன் நோக்கம் வெளிப்படுகிறது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டை நோக்கிப் பாதை போடுவது சரக்குப் போக்குவரத்தின் சிந்தனை. அதில் தவறில்லை; தூத்துக்குடி–மதுரை இடையே இரண்டாவது வழி தென்தமிழகத்தின் தொழிலுக்குத் தேவைதான். பந்தல்குடியின் சுண்ணாம்புக்கல்லுக்கும், விருதுநகர் மாவட்டத்தில் இ. குமாரலிங்கபுரத்தில் அமையவுள்ள பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கும் அது உதவக்கூடும். ஆனால், மேல்மருதூரில் முடியும் 18 கி.மீ. பாதை எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்கவில்லை. மாறாக, மதுரை முனையில் முதல் 50 கி.மீ. போடப்பட்டிருந்தால், தூத்துக்குடி வரை பாதை நீளாவிட்டாலும்கூட, காரியாபட்டியும் அருப்புக்கோட்டையும் மதுரையின் புறநகர்களாக மாறியிருக்கும். அருப்புக்கோட்டையில் அது ஏற்கெனவே உள்ள விருதுநகர்–மானாமதுரைப் பாதையைச் சந்தித்திருக்கும். வட்டத்தின் நடுவே ஓர் ஆரம் வரைந்தாற்போல, திருச்சுழிக்காரரும் அருப்புக்கோட்டையில் வண்டி மாறி ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் மதுரை அடைந்திருக்கலாம்.

இந்த ஆரத்தின் வழியில் இன்னொன்றும் உண்டு. மதுரை விமான நிலையம் இருப்பது அருப்புக்கோட்டை சாலையில், பெருங்குடிக்கு அருகில். திருப்பரங்குன்றத்தை அடுத்துப் பிரிந்து தென்கிழக்கே திரும்பும் புதிய பாதையில் விமான நிலையத்துக்கு அணுக்கமாக ஒரு நிலையம் அமைத்தால், மெட்ரோ எட்டாத விமான நிலையத்தை சாதாரண ரயில் எட்டிவிடும். திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடைப்பட்ட தோப்பூரில் எழும் எய்ம்ஸ் மருத்துவமனைக்கும் இதே தெற்குப் பாதைதான் துணை. நோயாளியை அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறுவதன் துன்பம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலம் கிடைப்பதுதான் தடை என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் மானாவாரிக் கரிசல் இது. ஓசூர் போலவோ கோவை போலவோ கட்டடங்கள் நெருங்கிய நிலமன்று. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் திரண்டது. வேண்டும் என்று முடிவெடுத்தால் இந்நாட்டில் நிலம் கிடைக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஆனால், கரிசல் நிலத்தில் இருப்புப்பாதை போடுவதில் வேறு இரு சிக்கல்கள் உள்ளன. அவை போதிய கவனம் பெறுவதில்லை. முதலாவது, மண். மழையில் பருத்து, வெயிலில் வெடித்துச் சுருங்கும் கரிசலின் மீது நேரடியாகக் கரை எழுப்பினால் தண்டவாளம் நிலைகொள்ளாது. கரைக்கடியில் வேறு மண் நிரப்பித் தளம் அமைத்தாக வேண்டும், செலவு கூடும். இரண்டாவது, நீர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் உயிர் குண்டாற்றில்கூட இல்லை, கண்மாய்களில் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில நாள்களே பொழியும் மழை, மேட்டுக்காட்டிலிருந்து சரிந்து, வரத்துக் கால்கள் வழியே ஒரு கண்மாயை நிரப்பி, அதன் மறுகால் அடுத்த கண்மாயை நிரப்பும். ஆறடி உயரக் கரை ஒன்று இந்தச் சரிவுக்குக் குறுக்கே நீண்டால், அதன் ஒரு பக்கம் நீர் தேங்கிப் பயிர் அழுகும். மறுபக்கம் கண்மாய் காய்ந்துபோகும். எத்தனை சிறுபாலங்கள், எந்த இடத்தில், எந்த மட்டத்தில் என்பதை அளவை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எந்த ஓடையில் எப்போது தண்ணீர் வரும் என்பதை அறிந்த நீர்ப்பாய்ச்சியும் ஆயக்கட்டு விவசாயியும் அந்த முடிவில் பங்குபெற வேண்டும். குதிரைவாலியும் கம்பும் பருத்தியும் விளைவிப்பவரிடம் ஒரு பருவத்துக் கண்மாய்த் தண்ணீரைப் பறித்துவிட்டு, பதிலுக்கு ரயில் தருகிறோம் என்றால் அவர் அந்த ரயிலை எதிர்ப்பார். அந்த எதிர்ப்பு நியாயமானதாகவே இருக்கும்.

பேருந்துகள் இத்தனை இருக்க ரயில் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் தேவை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பேருந்து வசதி நன்றாகவே உள்ளது. ஆனால், அது சுற்றுச்சாலை வழியே மாட்டுத்தாவணியில் கொண்டுவிடுகிறது. நகரின் தெற்கிலிருந்து வருபவரை வடகிழக்கு மூலையில் இறக்கி, மறுபடி நகரப் பேருந்தில் மையத்துக்குத் திருப்பியனுப்பும் ஏற்பாடு அது. 50 கி.மீ. வந்தவருக்குக் கடைசி ஏழெட்டு கி.மீ.தான் சலிப்பூட்டுகிறது. ரயிலோ ஊரின் நடுவே, பெரியார் பேருந்து நிலையத்தின் அருகில் நிற்கிறது. கட்டணமும் ஒரு காரணம். 2021 முதல் பெண்களுக்கு அளிக்கப்படும் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே உரியது. புறநகர்ப் பேருந்துகளுக்கு இல்லை. ரயிலின் சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரை கிடைக்கிறது, அன்றாடம் செல்வோருக்கு அது பேருந்துச் செலவின் சிறு பகுதியே. ஆலை வேனுக்கும் பட்டாசு ஆலைப் பேருந்துக்கும் விடியலில் காத்திருக்கும் பெண்களுக்கு, வேறோர் ஊரில் வேறொரு வேலை தேட வழிவிடுவது இத்தகைய மலிவான பயணமே. ஒரே ஆலையின் வண்டியில் மட்டுமே போய்வர முடிகிறவரால் கூலி குறித்துப் பேரம் பேச முடியாது.

சிறுநகரங்களுக்கு இது கட்டுப்படியாகாது என்போர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவைப் பார்க்கலாம். சுமார் 3 லட்சம் பேர் வாழும் அந்நகரத்தில் 1992 முதல் நகர டிராம் வண்டிகளே பெரு ரயில்பாதையில் ஏறிச் சுற்றியுள்ள ஊர்கள் வரை செல்கின்றன. புதிய பாதையை விட, இருக்கும் பாதையில் புதிய சேவை என்ற எண்ணமே அங்கு முதன்மை பெற்றது. மதுரைக்கு டிராம் வேண்டும் என்பதல்ல என் வாதம். நகரின் அளவைக் கொண்டு சேவையின் தேவையை அளக்கும் கொள்கை உலகெங்கும் ஏற்கப்பட்ட விதியன்று என்பதே.

எச்சரிக்கை தேவைப்பட்டால் அதற்குச் சென்னையே போதும். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையங்கள் பல காலம் வெறிச்சோடியே கிடந்தன; நிலையத்தின் வாசலுக்குப் பேருந்து வராததே முக்கியக் காரணம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான 5 கி.மீ. நீட்டிப்பு 2008-இல் தொடங்கி, நிலச் சிக்கலில் பத்தாண்டுகளுக்கு மேல் முடங்கியது. ரயில் ஒரு துறை, பேருந்து ஒரு துறை, நகரமைப்பு இன்னொரு துறை என்று பிரிந்து நின்றால் திருச்சுழி நிலையத்துக்கும் அதே நிலைதான். ரயில் வரும் நேரத்துக்கு நரிக்குடி நிலையத்தில் ஒரு சிற்றுந்து நிற்கவில்லையெனில் மேற்சொன்ன வட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

இவற்றை யார் செய்வது? பெங்களூரில் புறநகர் ரயிலுக்காக மாநில அரசும் ரயில்வேயும் இணைந்து ஒரு கூட்டு நிறுவனத்தை அமைத்துள்ளன. 2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்த மண்டல விரைவு ரயில் ஆய்வுகள் சென்னையைச் சுற்றியும், கோவை–சேலம் வழித்தடத்திலும் மட்டுமே அமைந்தன. மதுரை அப்பட்டியலில் இல்லை. மெட்ரோவைக் கேட்கும் அதே குரலில் இந்த விடுபடலையும் மதுரை மக்கள் பிரதிநிதிகள் கேட்டிருக்க வேண்டும். மெட்ரோ வேண்டாம் என்று சொல்வதற்கு இக்கட்டுரை இடம் தரவில்லை. ஒத்தக்கடையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளைக்குச் செல்லும் திருச்சுழிக்காரருக்கு மதுரைச் சந்திப்பிலிருந்து மெட்ரோ இருந்தால் நல்லதுதான். ஆனால், சந்திப்பு வரை அவர் வந்து சேர வழி வேண்டுமே.

2027-இல் நடைபெறவுள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் மதுரையின் மெட்ரோ அறிக்கை எப்படியும் திருத்தி எழுதப்படும். அந்தத் திருத்தத்தில் மாநகராட்சி எல்லைக்கு மாறாக, விருதுநகர், மானாமதுரை, அருப்புக்கோட்டை ஆகியவற்றை உள்ளடக்கிய பயணப் பரப்பை அலகாகக் கொள்ளுமாறு மாநில அரசு கேட்க வேண்டும். அதற்கு முன்பே, இருக்கும் வட்டப் பாதையில் ஒரு மெமு வண்டியை ஆறு மாத காலத்துக்குச் சோதனையாக இயக்குமாறு தெற்கு ரயில்வேயிடம் கேட்கலாம். காலை 6 மணிக்கு மானாமதுரையிலிருந்து புறப்பட்டு நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, விருதுநகர், திருமங்கலம் வழியாக அலுவலக நேரத்துக்கு மதுரையை அடையும் ஒரு வண்டி. மாலை 6 மணிக்கு அதே வழியில் திரும்பும் ஒரு வண்டி. மேல்மருதூரில் நின்றுவிட்ட பாதையின் அடுத்த கட்டப் பணி திருப்பரங்குன்றத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கோரிக்கையை, அந்த வண்டியில் ஏறுவோரின் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முன்வைக்கலாம்.